எண்ணெய்ப் பொட்டு ரெண்டு தானே ஒட்டிக்கொள்ளும்போது, செல் சவ்வு ரெண்டு ஏன் ஒட்டுவதில்லை?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
கேரள எல்லைக்குள் தமிழ் மீடியத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். செல் சவ்வுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. சவ்வு என்பது கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நிற்கும் படலம், செல்லுக்குள் இருக்கும் நுண்குமிழ்கள் அந்தச் சவ்வோடு இணைந்து சரக்கை வெளியே விடும் என்று சொல்லி முடித்தேன். கடைசி பெஞ்ச் பையன் ஒருத்தன் எழுந்தான். "டீச்சர், சாம்பார் மேல மிதக்கிற எண்ணெய்ப் பொட்டு ரெண்டைக் கரண்டியால தள்ளினா ஒண்ணாயிடுது. செல்லுக்குள்ள இத்தனை குமிழ் நெருக்கியடிச்சுக் கிடக்குதே, அது எல்லாம் ஏன் தானா ஒண்ணாகல?" நாளைக்குச் சொல்கிறேன் என்று உட்கார வைத்துவிட்டேன். புரதம் தேவை என்பது எனக்கும் தெரியும். அந்தப் புரதம் எந்தத் தடையைத் தாண்ட உதவுகிறது என்பதுதான் கேள்வி. பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

ஒழலப்பதி:
இதுல என்ன இருக்கு டீச்சர். ரெண்டு சவ்வு மேலயும் ஒரே மின்னூட்டம். விலகும். அவ்வளவுதான்.

வண்ணாமடைக்காரன்:
மின்னூட்டம் சின்னப் பங்குதான் தம்பி. மொத்த மின்னூட்டம் சுழியாக இருக்கும் பாஸ்பாடிடைல்கோலின் என்ற கொழுப்பை மட்டும் வைத்துக் குமிழ் செய்தாலும் அவை ஒட்டாமல் கிடக்கின்றன. எனக்குச் சொந்த ஊர் வண்ணாமடை, பிழைப்பு பெங்களூரில், மென்பொருள் அல்ல, சவ்வு, நுரை மாதிரி மெத்தென்ற பொருட்களின் இயற்பியல். டீச்சர் கேட்டதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் எண்ணெய்ப் பொட்டு. எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஆகாது. இரண்டும் தொட்டுக்கொள்ளும் பரப்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு லாபம். இரண்டு பொட்டு சேர்ந்தால் மொத்த விளிம்பும் பரப்பும் குறையும், அதனால் சேர்கின்றன. சவ்வில் அந்தத் தகராறு ஏற்கெனவே தீர்ந்துபோன விஷயம். தண்ணீர் பிடிக்காத வால்கள் நடுவில் ஒளிந்துகொண்டன, தண்ணீர் பிடித்த தலைகள் இரண்டு பக்கமும் வெளியே நிற்கின்றன. இரண்டு குமிழ் சேர்ந்தாலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை அதேதான், பரப்பும் கிட்டத்தட்ட அதேதான். ஆக, எண்ணெய்ப் பொட்டை இழுக்கும் விசை இங்கே இல்லவே இல்லை. பையனின் கேள்வியில் பாதிக்கு இதுதான் பதில்.

மறுபாதி தண்ணீர். தலைகள் ஒவ்வொன்றும் சில நீர் மூலக்கூறுகளை இறுகப் பிடித்து வைத்திருக்கின்றன. இரண்டு சவ்வு நெருங்க வேண்டுமானால் அந்த நீரைப் பிதுக்கி வெளியேற்ற வேண்டும். 1970களில் ராண்டும் பார்செகியனும் அடுக்கடுக்கான சவ்வுகளிலிருந்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி, எக்ஸ்-கதிரால் இடைவெளியை அளந்தார்கள். 2, 3 நானோமீட்டருக்குக் கீழே வந்ததும் விலக்கம் எகிற ஆரம்பிக்கிறது. சுமார் 0.2 நானோமீட்டர் நெருங்கினாலே அழுத்தம் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். தலையும் தலையும் முட்டும் நிலையில் ஆயிரம் வளிமண்டல அழுத்தத்தையும் தாண்டும். சவ்வின் மொத்தத் தடிமனே 4, 5 நானோமீட்டர்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள்.

ஒழலப்பதி:
அப்ப தண்ணியை உறிஞ்சிட்டா போதுமா?

வண்ணாமடைக்காரன்:
போதும் என்பதற்கு ஆய்வகத்தில் தினமும் நடக்கும் சாட்சி உண்டு. ஒற்றை வகை எதிர்ப்பொருள் தயாரிக்க இரண்டு செல்களை ஒன்றாக்குகிறார்களே, அங்கே ஊற்றுவது பாலிஎத்திலீன் கிளைகால். அது சவ்வை வெட்டாது, கரைக்காது. சுற்றியுள்ள தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது, செல்கள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்கின்றன. எதிர்மறை மின்னூட்டம் கொண்ட கொழுப்பு கலந்த குமிழ்களில் கால்சியம் சேர்த்தாலும் ஒட்டும். கால்சியம் இரண்டு பக்கத் தலைகளையும் சேர்த்துப் பிடித்து நடுவிலுள்ள நீரைத் துரத்திவிடுகிறது.

வாளையார் வண்டி:
சரி மாஷே, தண்ணி போயாச்சு. அப்புறம்? ரெண்டு சவ்வும் கிழிஞ்சு ஓரத்தோட ஓரம் ஒட்டுமா? கிழிஞ்சா உள்ள இருக்கறது ஒழுகாதா?

வண்ணாமடைக்காரன்:
நல்ல கேள்வி. கிழிவதில்லை. கிழிந்தால் வால்கள் தண்ணீரைப் பார்க்க வேண்டிவரும், அதற்குச் செலவு அதிகம். 1983-ல் கோஸ்லோவும் மார்க்கினும் ஒரு வழி சொன்னார்கள். எதிரெதிரே முட்டி நிற்கும் இரண்டு அடுக்குகள் மட்டும் ஒரு சின்ன இடத்தில் கலந்து, மணல்கடிகாரத்தின் இடுப்பு மாதிரி ஒரு தண்டு ஆகிவிடும். அவற்றுக்கு அப்பால் உள்ள மற்ற இரண்டு அடுக்குகளும் இன்னும் தனித்தனி. கொழுப்பு கலந்தாயிற்று, உள்ளிருக்கும் நீர் கலக்கவில்லை. இதைத்தான் அரை இணைவு என்கிறோம். அதன்பிறகு தண்டு அகன்று, அதன் நடுவே மிச்சமிருக்கும் அடுக்குகள் சேர்ந்து ஒரு துளை திறக்கும். ஒழுகாமல் வேலை முடிவது இப்படித்தான்.

ரொம்ப நாள் இது காகிதத்தில் போட்ட படமாகவே இருந்தது. 2002-ல் யாங், ஹுவாங் என்ற இருவர் சவ்வு அடுக்குகளை உலர வைத்தபோது தண்டுகள் தாமாகவே வரிசையாக அமைந்தன, எக்ஸ்-கதிர் சிதறலில் அவற்றின் வடிவம் அப்படியே தெரிந்தது. இங்கேயும் நீரைக் குறைத்ததால்தான் தண்டு வந்தது, கவனியுங்கள்.

இப்போது கணக்கு. அறை வெப்பத்தில் ஒரு மூலக்கூறுக்குச் சும்மா கிடைக்கும் ஆட்ட ஆற்றலை கே.டி. என்போம். செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறு ஒன்று உடைந்தால் சுமார் 20 கே.டி. தண்டுக்கு எவ்வளவு வேண்டும்? ஆரம்பகாலக் கணக்குகளில் 200 கே.டி. வரை வந்தது. அது உண்மையானால் உயிரே நடக்காது. வால்கள் நேராகத்தான் நிற்க வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டு, சாய்ந்துகொள்ளலாம் என்று விட்டபிறகு 40 கே.டி. அளவுக்கு இறங்கியது.

வாளையார் வண்டி:
40 பெரிசா சின்னதா? ஒரு ஏடிபி 20-னா ரெண்டு ஏடிபி தானே.

வண்ணாமடைக்காரன்:
யார் கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. யாரும் கொடுக்காமல் வெப்ப ஆட்டத்தில் தற்செயலாகக் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் என்ன ஆகும்? நானோவினாடிக்கு ஒரு முறை முயல்கிறது என்று வையுங்கள். 40 கே.டி. மேட்டைத் தாண்ட சராசரியாக ஏழு வருஷத்துக்கு மேல் ஆகும். யாரோ 20 கே.டி. உதவினால் அரை வினாடி. 30 உதவினால் சுமார் 22 மைக்ரோவினாடி. நரம்பு முனையில் கால்சியம் நுழைந்து, குமிழ் இணைந்து, சரக்கு வெளியே வர ஒரு மில்லிவினாடிகூட எடுப்பதில்லை. மேடு 40 கே.டி. என்றால் e-யின் 40-ஆம் அடுக்கு அளவுக்கு முயல வேண்டும், எல்லாம் அடுக்குக்குறியின் வேலை. இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள் டீச்சர், பிளஸ் ஒன் கணக்குப் போதும்.

அந்த 30-ஐக் கொடுப்பதுதான் ஸ்னேர். குமிழ் மேல் ஒன்று, எதிர்ச் சவ்வில் இரண்டு, மொத்தம் மூன்று புரதங்கள். அவற்றில் ஒன்று இரண்டு சுருள் தருவதால் மொத்தம் நாலு சுருள்கள், ஒரு முனையிலிருந்து பிணைந்துகொண்டே சவ்வை நோக்கி வருகின்றன. பிணையப் பிணைய இரண்டு சவ்வும் நெருங்கியே ஆக வேண்டும். ஒரு பிணைப்பு தரும் ஆற்றலை வெவ்வேறு முறைகளில் அளந்ததில் 35 முதல் 65 கே.டி. வரை கிடைத்திருக்கிறது. ஆக, புரதம் ஒட்டுவதில்லை. நெருக்கித் தண்ணீரைப் பிதுக்குகிறது, ஒட்டுவது கொழுப்பின் வேலை. சவ்வு முழுக்க நெருக்கவும் தேவையில்லை, ஒரு சின்ன முனை நெருங்கினால் போதும். பிதுக்க வேண்டிய நீரும் அந்த அளவுக்குக் குறையும்.

கள்ளுக்கடை முக்கு:
நம்ம சித்தூர் கள்ளைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாம இந்த இழை போகக்கூடாது. காலையில இறக்கின தென்னங்கள்ளு மத்தியானத்துக்குள்ள நுரைக்குதே, அதுல வேலை பார்க்கிற ஈஸ்ட்ல முக்கியமானது சாக்கரோமைசஸ் செரிவிசியே. ராண்டி ஷெக்மன்ங்கிற விஞ்ஞானி இந்தக் குமிழ் வேலையையெல்லாம் பிரிச்சுப் பார்த்தது அதே ஈஸ்ட்லதான். 25 டிகிரியில நல்லா வளரும், 37 டிகிரிக்குப் போனா வெளியே அனுப்பும் வேலை நின்னுபோகும், அப்படிப்பட்ட பிறழ்வு ஈஸ்ட்களைத் தேடிப் பிடிச்சாங்க. வேலை நின்னா சரக்கு உள்ளேயே தேங்கும், செல் அடர்த்தி கூடும். அதனால அடர்த்தியை வச்சே வடிகட்டிட்டாங்க. 1980-ல 23 ஜீன் கையில. ராத்மன்னு இன்னொரு விஞ்ஞானி பாலூட்டி செல்லுல இருந்து தனியாப் பிரிச்ச புரதமும் இந்த ஈஸ்ட் பட்டியல்ல ஒண்ணும் ஒரே ஆளுன்னு பிறகு தெரிஞ்சுது. 2013-ல ஷெக்மன், ராத்மன், சூடாஃப் மூணு பேருக்கும் நோபல்.

நெறியாளர்:
கள்ளு விலை, பெர்மிட் பற்றி வந்த பதில்களை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன்.

ஒழலப்பதி:
இணைவு புரிஞ்சுது. சவ்வுல இருந்து குமிழ் அறுந்து பிரியற பிளவுக்குத் தனியா ஒண்ணும் படிக்க வேண்டாம் இல்ல? வீடியோவைத் திருப்பி ஓட்டினா பிளவு. அதே தண்டு, அதே துளை, பின்னோக்கி.

மீனாட்சிபுரம் மீனா:
படம் அதேதான் தம்பி, பில் வேறே. நான் முனைவர் பட்டத்துக்கு இந்தக் கழுத்துகளோடுதான் மாரடித்தேன், அதனால் கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

சவ்வை வளைக்கச் செலவு உண்டு. ஹெல்ஃப்ரிஷ் 1973-ல் எழுதிய சமன்பாட்டில் இரண்டு உறுப்புகள். ஒன்று, எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதற்கான கட்டணம், அதன் கெழு சுமார் 20 கே.டி. ஒரு கோளக் குமிழுக்கு அது 8 பை மடங்கு, அதாவது சுமார் 500 கே.டி. சின்னக் குமிழோ பெரிய குமிழோ, கட்டணம் ஒன்றுதான். (முதல் தடவை இதைக் கேட்டபோது நான் நம்பவில்லை. போட்டுப் பாருங்கள், ஆரம் அடிபட்டுப் போகும்.) இரண்டாவது உறுப்பு விநோதமானது. வடிவத்தை எப்படி நெளித்தாலும் அது அசையாது. மூடிய பைகள் எத்தனை என்ற எண்ணிக்கை மாறும்போது மட்டும்தான் மாறும். காஸ்-பானே தேற்றம் சொல்வது இதுதான். அதன் கெழுவை நேரடியாக அளப்பது கஷ்டம், ஆனால் குறி எதிர்மறை, அளவு முதல் கெழுவை ஒட்டியது. ஆக ஒவ்வொரு புதிய பைக்கும் 200 சொச்சம் கே.டி. தள்ளுபடி. இணைவில் பை ஒன்று குறைவதால் அந்தத் தள்ளுபடி பறிபோகும். பிளவில் கிடைக்கும்.

இப்போது செல் வெளியிலிருந்து எதையோ உள்ளே எடுக்கிறது என்று வைப்போம். கிளாத்ரின் என்ற புரத உறை சவ்வை உருண்டையாக வளைத்துவிட்டது. வளைவுக் கட்டணத்தை அதுவே கட்டிவிட்டது. மிச்சம் இருப்பது மொட்டையும் சவ்வையும் சேர்க்கும் ஒரு கழுத்து. கழுத்தை அறுத்தால் தள்ளுபடி. கணக்குப்படி கீழ்நோக்கிய பாதை. ஆனாலும் தானாக அறுவதில்லை. ஏனென்றால் கழுத்து சுகமாக இருக்கிறது. குறுக்கே பார்த்தால் ஒரு திசையில் வளைவு, நெடுக்கே பார்த்தால் எதிர்த் திசையில் வளைவு, ஒன்றையொன்று கழித்துவிடுவதால் கட்டணம் கிட்டத்தட்ட இல்லை. இதன் உள்விட்டத்தைச் சில நானோமீட்டருக்கு நெரித்து, உள்ளிருக்கும் நீரை விரட்டி, எதிரெதிர் உள்ளடுக்குகள் தொட்டால்தான் அரை நிலை வரும். அந்த அரை நிலை வடிவத்தில் வண்ணாமடை அண்ணன் சொன்ன தண்டுதான். அங்கே வந்து சேரும் வழியும், அங்கிருந்து எந்தப் பக்கம் சரிவு என்பதும்தான் மாறுகிறது.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
அப்போது நெரிப்பது யார் மீனா? டைனமின் என்ற புரதம் என்று எங்கோ படித்தேன்.

மீனாட்சிபுரம் மீனா:
அதேதான் டீச்சர். கழுத்தைச் சுற்றிச் சுருளாக ஏறி, ஏடிபி மாதிரி ஆற்றல் தரும் குவானோசின் டிரைபாஸ்பேட்டை உடைத்து இறுகும். இதற்குப் பழைய சாட்சி ஈக்கள். 1970களிலேயே ஒரு பழ ஈ வகை கண்டுபிடித்திருந்தார்கள். சாதாரண வெப்பத்தில் பறக்கும், 29 டிகிரிக்குக் கொண்டுபோனால் சற்று நேரத்தில் விழுந்து கிடக்கும், குளிர வைத்தால் எழுந்துவிடும். 1989-ல் கோனிக்கும் இக்கேடாவும் விழுந்த ஈயின் நரம்பு முனையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உள்ளே குமிழ்கள் தீர்ந்துபோயிருந்தன. சவ்வு ஓரமெல்லாம் அறுபடாத மொட்டுகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் கறுப்பாக ஒரு வளையம். அந்தப் படத்தைப் பார்த்தால் பிளவு என்ற பாடமே தேவையில்லை. இணைவு நடந்துகொண்டே இருக்கிறது, திரும்ப எடுப்பது நின்றுவிட்டது, கையிருப்பு தீர்ந்ததும் ஈ விழுந்துவிட்டது. 1991-ல் அந்த ஜீன் டைனமின்தான் என்று தெரிந்தது.

இறுகுவது மட்டும் போதுமா என்பதில் பெரிய சண்டை நடந்தது. 2006-ல் ஒரு குழு, சுருள் முறுக்கிக்கொள்கிறது, ஆனால் குழாயின் இரண்டு முனையும் பிடிபட்டு இழுவிசை இருந்தால்தான் அறுகிறது என்று காட்டியது. 2008-ல் சாண்ட்ரா ஷ்மிடும், இப்போது புனே ஐசர் ஆய்வு நிறுவனத்தில் ஆய்வுக்குழு நடத்தும் தாமஸ் புக்காடியிலும், சவ்வு தாராளமாக இருக்கும் கண்ணாடி மணிகள் மேல் டைனமினை விட்டு, குமிழ்கள் அறுந்து மிதப்பதை நேரலையாகப் பார்த்தார்கள். என் பார்வையில் இழுவிசை ஒரு கைகொடுப்பு, கட்டாயம் இல்லை. ஒத்துக்கொள்ளாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வாளையார் வண்டி:
இழுவிசைன்னா எவ்வளவு மீனாக்கா?

மீனாட்சிபுரம் மீனா:
இழுப்பு அதிகமில்லாத சவ்வை ஒளிக் கிடுக்கியால் (லேசர் ஒளியால் பிடிக்கும் கருவி) ஒரு புள்ளியில் பிடித்து இழுத்தால் 60 நானோமீட்டர் ஆரத்தில் ஒரு குழாய் வரும், சுமார் 8 பிக்கோநியூட்டன் போதும். சவ்வில் இழுவிசை கூடினால் குழாய் மெலியும், இழுக்கும் விசையும் கூடும்.

எல்லையோர டாக்டர்:
பாலக்காட்டுப் பக்கம் அரசு மருத்துவமனைகளில் இருந்தவன். படித்துக்கொண்டே வரும்போது கட்டுவிரியன் ஞாபகம் வந்தது. மலையாளத்தில் வெள்ளிக்கெட்டன். தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கும். கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ பெரிதாக இருக்காது, பல்தடம்கூடச் சில சமயம் தெரியாது. நடுராத்திரியில் வயிற்றுவலி என்று வருவார்கள். விடிவதற்குள் இமை கீழே இறங்கிவிடும், நெற்றியைச் சுருக்கி, தலையைப் பின்னால் சாய்த்துத்தான் நம்மைப் பார்ப்பார்கள். பிறகு மூச்சு. அந்த விஷத்தில் ஒரு முக்கியக் கூறு பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நொதி. நரம்பு முனையின் கொழுப்பு மூலக்கூறில் இரண்டு வாலில் ஒன்றை வெட்டிவிடும். விஷமுறிவு மருந்து இரத்தத்தில் சுற்றும் விஷத்தைக் கட்டும், ஏற்கெனவே கெட்டுப்போன நரம்பு முனையைத் திருப்பித் தராது. அதனால் சிலருக்கு நாள்கணக்கில் வென்டிலேட்டர் வேண்டியிருக்கும். இதற்கும் நீங்கள் பேசும் இணைவு, பிளவுக்கும் தொடர்பு உண்டா? சந்தேகக் கடி என்றாலும் நேராக மருத்துவமனைக்கு வாருங்கள் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டுமா, தெரியவில்லை.

வண்ணாமடைக்காரன்:
டாக்டர், நேரடித் தொடர்பு. 2005-ல் இத்தாலியில் பதுவா நகரத்து மொண்டெகூக்கோ குழு இதைச் சோதித்தது. பாம்பு விஷத்துக்குப் பதிலாக, அது வெட்டிப்போடும் இரண்டு துண்டுகளை மட்டும் கலந்து நரம்பு முனையில் விட்டார்கள். ஒற்றை வால் கொழுப்பு ஒன்று, கழன்ற கொழுப்பு அமிலம் ஒன்று. விஷம் செய்த அதே சேதத்தை அவை செய்தன. முனைகள் வீங்கின, குமிழ்கள் வெளியே கொட்டித் தீர்ந்தன.

காரணம் வடிவம். இரண்டு வால் கொழுப்பு கிட்டத்தட்ட உருளை. ஒற்றை வால் கொழுப்பில் தலை பெரிது, வால் சிறிது. அது நிறைந்த அடுக்கு தலைப்பக்கம் புடைத்து வளையும். கொழுப்பு அமிலம் தலை சிறிது, எதிர்ப் பக்கம் வளைக்கும். ஒற்றை வால் வெளி அடுக்கிலேயே தங்கிவிடும், கொழுப்பு அமிலம் சுலபமாக உள் அடுக்குக்குத் தாவும். குமிழ் உள்ளிருந்து வந்து முட்டுகிறது இல்லையா? அதை எதிர்கொள்ளும் உள் அடுக்கில் தண்டுக்குப் பிடித்த வளைவு, வெளி அடுக்கில் துளைக்குப் பிடித்த வளைவு. இணைவுக்கு இரண்டு பக்கமும் சாதகம். மீனா சொன்ன கழுத்து அறுபடுவதற்கு அதே காரணத்தால் இரண்டு பக்கமும் பாதகம். கையிருப்பு வெளியே போகிறது, திரும்பி வருவதில்லை.

இதில் எனக்குப் பிடித்த ஒன்று: அதே ஒற்றை வால் கொழுப்பை, முட்டிக்கொள்ளும் பக்கத்தில் ஊற்றினால் இணைவு நின்றுவிடும். செர்னோமோர்டிக் என்ற ஆய்வாளர் பலவிதமான இணைவுகளை இப்படி நிறுத்திக் காட்டினார். மூலக்கூறு ஒன்றுதான், எந்த அடுக்கில் உட்காருகிறது என்பதில் விளைவு தலைகீழ். நடுவழியில் இருப்பது கொழுப்புத் தண்டுதான் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது.

எல்லையோர டாக்டர்:
நன்றி. ரணஜன்னிக் கிருமியின் நஞ்சும், போட்டுலினம் நஞ்சும் ஸ்னேரை வெட்டுகின்றன என்று படித்தது இப்போதுதான் சரியாக உட்காருகிறது. ஒன்று நெருக்கும் ஆளை வெட்டுகிறது, கட்டுவிரியன் நெருக்கப்படும் பொருளையே மாற்றிவிடுகிறது.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
கடைசியாக ஒன்று. டைனமின் கழுத்தைச் சுற்றி வெளியே இருந்து நெரிக்கிறது. எச்.ஐ.வி. செல்லிலிருந்து வெளிநோக்கி மொட்டுவிடுகிறதே, அங்கே கழுத்துக்கு வெளியே இருப்பது செல்லுக்கும் வெளியே. புரதம் அங்கே எப்படிப் போய்ச் சுற்றும்?

மீனாட்சிபுரம் மீனா:
போக முடியாது டீச்சர், போவதும் இல்லை. அங்கே எஸ்கார்ட் என்ற வேறொரு புரதக் கூட்டம் வேலை செய்கிறது. செல்லின் உட்பக்கமிருந்து கழுத்துக்குள்ளேயே நுழைந்து, உள்சுவரை ஒட்டி இழைகளாகச் சுருள்கிறது. பிறகு விபிஎஸ்4 என்ற நொதி ஏடிபியைச் செலவழித்து அந்த இழைகளைத் துண்டு துண்டாக உருவ, சுருள் குறுகி, சவ்வைத் தன்னோடு உள்ளே இழுத்துக்கொள்கிறது. செல் இரண்டாகப் பிரியும்போது கடைசிப் பாலத்தை அறுப்பதும் இதே கூட்டம்தான், எச்.ஐ.வி. அதை இரவல் வாங்கிக்கொள்கிறது. உள்ளிருந்து இழுத்தாலும் வெளியிலிருந்து நெரித்தாலும் வந்து சேர்வது அதே அரை நிலைக்கு.